குவாய் நதிப் பாலமும் பிரமாணிக்கமும்



சென்ற வாரம் நம் வாலிபர் சபையார் ஒரு பழைய யுத்தப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்ததும் ஒரு பையன், "சாமி, இதிலே யார் விசுவாசமுள்ள சிப்பாய்?" என்று கேட்டான். நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் அல்ல. ஆகவே அதையே இந்த வாரப் பாடமாக எழுதுகிறேன்.

பிரமாணிக்கம் என்னும் சொல்லை நாம் கலியாணப் பூசையில் கேட்கிறோம். கொடுத்த வாக்கைக் காப்பதே அது. படைவீரனும் வாக்குக் கொடுத்தவன்தான். ஆனால் அவனிடம் அதை எதிர்பார்க்கிறவர்கள் பலர்: அரசாங்கம், மேலதிகாரி, பக்கத்தில் நிற்கும் தோழன். போதாதற்குக் கையிலுள்ள வேலையும் ஒரு பங்கு கேட்கும்.

படம் 1957-ல் டேவிட் லீன் எடுத்த "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்". சயாமில் நடக்கும் கதையானாலும் பாலத்தைக் கட்டிப் படம் பிடித்தது இலங்கையில், கித்துள்கலையில். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கர்னல் நிக்கல்சன், அதிகாரிகளைக் கூலிவேலைக்கு விடக்கூடாது என்ற ஜெனீவா உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் தகரக் கூண்டுக்குள் கிடந்தும் வளைந்து கொடுக்கவில்லை. அந்தக் கட்டத்தில் நம் பையன்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகுதான் விபரீதம். வெற்றி பெற்ற கர்னல், தம் ஆட்களின் ஒழுங்கும் ஊக்கமும் கெடாதிருக்கப் பாலத்தை நன்றாகக் கட்டிக் காட்டுவோம் என்கிறார். பகைவனின் இரயில் போக வேண்டிய பாலம் அது! மருத்துவர் கிளிப்டன், இது துரோகமாகாதா என்று கேட்டும் அவர் காதில் ஏறவில்லை. முடிவில் ஆஸ்பத்திரிக் குடிசைக்குப் போய் நோயாளிகளையும் இலேசான வேலைக்கு எழுப்புகிறார். யாருக்காக அந்த வேலையைத் தொடங்கினாரோ அவர்களே இப்போது வேலைக்கு இரையாகிறார்கள். கட்டியவர் யார் என்று ஒரு பலகையும் பாலத்தில் ஏறுகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்டனுக்கு உத்தரவே வேதம். ஷியர்ஸ் என்பவன் தான் அதிகாரி என்று பொய் சொன்னவன், தப்பி ஓடியவன், வற்புறுத்தலின் பேரில் திரும்பி வந்தவன். ஆயினும் காலில் அடிபட்ட வார்டன், என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்றபோது, விடமாட்டேன் என்றவன் இந்தப் பொய்யன்தான். இவனை எளிதில் தள்ளிவிடாதீர்கள்.

சரித்திரத்தில் நடந்தது வேறு. அங்கே சிறைப்பட்டோர் தலைவராயிருந்தவர் பிலிப் டூசி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுமுன் கப்பலேறித் தப்பும்படி அவருக்கு உத்தரவு வந்தது. தம் ஆட்களை விட்டுப் போகமாட்டேன் என்று மறுத்து அவர்களோடு சிறை சென்றார். பாலவேலையில் ஆட்கள் சாகாதிருக்க எவ்வளவு ஒத்துழைக்க வேண்டுமோ அவ்வளவு ஒத்துழைத்தார். மறைவில் கறையான் பிடித்து மரங்களில் விடச்செய்தார். யுத்தம் முடிந்தபின், காவலரில் ஒருவரான சாய்ட்டோ என்பவருக்காகப் பரிந்தும் பேசினார். ஓர் உத்தரவை மீறிய மனிதர்தான். ஆனால் பையனின் கேள்விக்கு என் பதில் இவரே.

இன்னொன்றையும் நம் தோட்டக் குடும்பங்கள் அறிய வேண்டும். 1942-43-ல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் வேலை செய்தார்கள்; 12,000-க்கு மேல் மாண்டார்கள். அவர்களைத் தவிர ஆசியத் தொழிலாளர் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர். அவர்களில் மாண்டோர் சுமார் 90,000 என்று கணக்கிடுகிறார்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர். நல்ல சம்பளம், குறுகிய தவணை என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது வளைத்துப் பிடித்தார்கள். வாந்திபேதி வந்தபோது கைதிகளுக்குத் தங்கள் வைத்தியர் இருந்தார், வாதாட ஓர் அதிகாரி இருந்தார். நம்மவர்க்கு இருவரும் இல்லை. படத்தில் அவர்களில் ஒருவரையும் காணோம்.

சுவிசேஷத்து நூற்றுவர் தலைவனை நினைத்துக்கொண்டேன். தானும் அதிகாரத்துக்கு உட்பட்டவன் என்று சொன்ன அவன் சேசுநாதரைத் தேடி வந்தது, வீட்டில் வாதநோயாய்க் கிடந்த ஓர் ஊழியனுக்காக.

கர்னலைக் குறைசொல்ல எனக்குத் தகுதி குறைவு. வேறொரு பங்கில் உதவிக் குருவாயிருந்தபோது திருநாளுக்குள் கெபியை முடிக்க வேண்டும் என்று ஒரே பிடியாய் நின்றேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீடு போகக் கேட்ட கொத்தனாரை, மாலைவரை நில் என்றேன். கெபி அழகாய் அமைந்தது. எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்த மனிதர் மட்டும் அதன்பின் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பழம் பறிக்கும் காலத்தில் மேஸ்திரிமாரும் ரைட்டர்மாரும் இதைத் தங்களுக்குள் பேசிப் பார்க்கலாம்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின் வாலிபர் சபை மறுபடி கூடும். மலேயாவுக்குப் போய்த் திரும்பாத உறவினரைப்பற்றி வீட்டில் கேட்டறிந்த பெரியவர்கள் தயவுசெய்து வந்து, அவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.