ரா படத்தில் முதலில் கை வைக்க வேண்டிய இடம்

கல்யாணத்தை ரா (RAW) வடிவில் எடுத்துவந்து கணினியில் முதன்முதலாகத் திறப்பவர்களுக்குச் சப்பென்று போய்விடும். கேமரா திரையில் பளிச்சென்று இருந்த படம் இங்கே சோகை பிடித்துக் கிடக்கும். திரையில் தெரிந்தது, கேமரா தன் இஷ்டத்துக்கு நிறமும் கான்ட்ராஸ்ட்டும் ஏற்றிய ஜேபெக். ரா கோப்பில் இருப்பது சென்சார் பதிந்த அளவுகள் மட்டும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால், 14 பிட் ராவில் 16,384. இருட்டில் போன புடவை மடிப்பை மீட்க முடிவது அதனால்தான்.

நான் புழங்குவது டார்க்டேபிள் என்ற மென்பொருள். இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. மேடையில் மஞ்சள் விளக்கு, வீடியோக்காரரின் எல்.இ.டி., ஜன்னல் வழியே பகல் வெளிச்சம் என்று மண்டபத்தில் ஆளுக்கொரு நிறம். வேட்டி வெள்ளைதானே என்று, எது வெள்ளை என்று தொட்டுக் காட்டும் பிக்கரை அதில் வைக்காதீர்கள். பட்டு வேட்டி சந்தன நிறம். அதை வெள்ளை என்று மென்பொருள் நம்பினால் படம் முழுக்க நீலம் பாயும். நீலம் போட்டு வெளுத்த பருத்தி வேட்டியில் வைத்தால் மஞ்சளடிக்கும். முகூர்த்தத்துக்கு முன்பே மணை அருகில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அதில் கிடைக்கும் ஒயிட் பேலன்ஸை அதே வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படத்துக்கும் நகலெடுக்கலாம். ஓமத்தீயின் முன் எடுத்தவற்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். அந்தச் செம்மஞ்சளைத் துடைத்துவிட்டால் படத்தில் தீ இருந்தும் சூடு இருக்காது.

அடுத்தது எக்ஸ்போஷர். முகத்தைப் பார்த்து ஏற்றுங்கள், ஆனால் ஒரு கண் ஹிஸ்டோகிராமில் இருக்கட்டும். வீடியோ லைட் விழுந்த ஜரிகையும் வேட்டியும்தான் முதலில் வெளுக்கும். படமெடுக்கும்போதே சென்சாரில் மூன்று நிறமும் நிரம்பி வழிந்த இடத்தை எந்த ஸ்லைடரும் மீட்காது. அரக்குப் புடவையில் வேறொரு சிக்கல்: சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி, மடிப்பும் நெசவும் மறைந்துவிடும். ஆகவே ஹிஸ்டோகிராமில் மூன்று நிறக் கோடுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். அதனாலேயே சாச்சுரேஷனை நான் அனேகமாகத் தொடுவதே இல்லை.

லென்ஸ் திருத்தம், கிராப், நாய்ஸ் குறைப்பு எல்லாம் சில நிமிட வேலை. எந்த வரிசையில் செய்தாலும் டார்க்டேபிள் தன் வரிசையில்தான் கணக்குப் போடும். பாதியில் திரும்பிப்போய் மாற்றத் தயங்க வேண்டாம்.

“தம்பி, பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்க” என்று யாராவது ஒரு அத்தை கட்டாயம் கேட்பார். முகத்தில் விழுந்த நிழலைக் கொஞ்சம் தூக்குவேன், அதற்கு மேல் போகமாட்டேன். முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்தும் கையும் காட்டிக்கொடுத்துவிடும். மொத்தமாக வெளுத்தால் அது அந்தப் பெண்ணின் படமே இல்லை.

வாட்ஸ்அப்பில் போகும் படங்களை எஸ்ஆர்ஜிபி நிற வெளியில் ஏற்றுமதி செய்யுங்கள். ஆல்பத்துக்கு என்றால் அச்சகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். டார்க்டேபிள் ரா கோப்பைத் தொடுவதில்லை. திருத்தங்களைப் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் எழுதிவைக்கும். வேறு கணினிக்கு மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே நகலெடுங்கள். எக்ஸ்எம்பியை விட்டுவிட்டால் செய்த திருத்தம் எதுவும் கூட வராது.