உன் பையன், என் பொண்ணு: இரண்டாவது கல்யாணத்தில் பணத்தை எப்படிப் பேசணும்?

டேக்ஸ் ஃபைலிங் சீசனில் எங்க ஆபீஸுக்கு ஃபார்ம் 16 மட்டும் வர்றதில்லை, குடும்பக் கதையும் சேர்ந்தே வரும்.

ஒரு தம்பதி வந்திருந்தாங்க. இருவருக்கும் இது இரண்டாவது திருமணம். கணவரின் முதல் மனைவி இறந்துட்டாங்க, ஒரு மகள். மனைவி விவாகரத்து ஆனவர், ஒரு மகன். மூணு வருஷமா ஒரே வீடு. பேப்பரைப் புரட்டும்போதுதான் மனைவி கவனிச்சாங்க: கணவரோட டெர்ம் பாலிசியில் நாமினி மகள். அவள் மைனர் என்பதால், பணத்தை வாங்கி வைக்க அப்பாய்ன்டியா அவரோட அண்ணன் பெயர். மனைவி பெயர் எங்கேயும் இல்லை.

"தொகைக்காகச் சொல்லலை மேடம். தினமும் அவளுக்குத் தலை பின்னி விடறது நான். இவர் என்னை நம்பலைங்கிறதை ஒரு பேப்பரைப் பார்த்தா தெரிஞ்சுக்கணும்?"

கணவர் தலை நிமிரவே இல்லை. "எனக்கு ஏதாவது ஆனா என் பொண்ணுக்கு யாரு இருக்கா?" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் வெளியே வந்தது. மகன் பெயரில் மாசம் 5,000 ரூபாய் ஆர்.டி. போடுறதை மனைவியும் இவரிடம் சொன்னதில்லை.

இரண்டு பேருக்கும் பேராசை இல்லைங்க, பயம்தான். ஆனா சொல்லாம செய்யும்போது, அந்தப் பயம் எதிரில் இருக்கறவருக்கு அவமரியாதையாத்தான் தெரியும். அப்புறம் "நம்ம பசங்க" போய், "உன் பையன் ஃபீஸ்", "உங்க பொண்ணு செலவு" என்று பேச்சு மாறிடும்.

இந்தப் பயத்துக்குச் சட்டத்திலும் காரணம் இருக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, கணவர் உயில் எழுதாம இறந்தா, அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, அவருடைய மகள், அவருடைய தாய் ஆகியோருக்குப் பங்கு. மனைவியின் மகனுக்கு எதுவும் இல்லை. அதேபோல மனைவி சம்பாதித்த சொத்தில், கணவரின் மகளுக்கு நேரடி உரிமை இல்லை. எத்தனை வருஷம் பாசமா வளர்த்திருந்தாலும் இதுதான் நிலைமை.

அதனால மூணு விஷயம் செய்யுங்க.

1. எல்லாத்தையும் மேசையில் வையுங்க. சம்பளம், கடன், பழைய திருமணத்தின் ஜீவனாம்சம், குழந்தை பெயரில் போடும் சேமிப்பு. தனியா வைக்கறது தப்பில்லை, மறைச்சு வைக்கறதுதான் தப்பு.

2. வீட்டுச் செலவை வருமான விகிதத்தில் பிரிங்க. அவருக்கு 70,000, இவருக்கு 50,000 சம்பளம், பொதுச் செலவு 60,000 என்று வைப்போம். அவர் 35,000, இவர் 25,000 ஜாயின்ட் அக்கவுன்டில் போடணும். சாப்பாடு, வாடகை, இரண்டு குழந்தைகளின் ஸ்கூல் ஃபீஸ், மருத்துவம் எல்லாம் இதிலிருந்தே போகட்டும். மீதி அவரவர் விருப்பம்.

3. நாமினியைச் சரிபாருங்க, உயில் எழுதுங்க. பி.எஃப்., பேங்க், இன்ஷூரன்ஸ் எல்லாத்திலும் பழைய பெயர் இருக்கா பாருங்க. நாமினி போட்டா மட்டும் போதாது. பல முதலீடுகளில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், சட்டப்படி வாரிசு வேறா இருக்கலாம். நீங்க சம்பாதித்த சொத்தை யாருக்கு வேணும்னாலும் உயிலில் எழுதலாம். வெள்ளைத் தாளே போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்து அவசியம். பதிவு கட்டாயமில்லை, ஆனா செய்வது நல்லது.

அன்னிக்கு அவங்க சமாதானமா போனாங்கன்னு சொல்ல மாட்டேன். லிஃப்ட் வரும்வரை இருவரும் பேசிக்கவே இல்லை. பத்து நாள் கழித்துக் கணவர் போன் பண்ணினார்.

"மேடம், நாமினி பாப்பாவே இருக்கட்டும். அப்பாய்ன்டி இடத்துல அண்ணனுக்குப் பதிலா என் மனைவி பெயர் போடணும். அதுக்கு எந்த ஃபார்ம்?"