பாத்தி காயாத நாளில் வியர்வையும் காயாது

மார்ச் பிறந்தால் மரக்காணம் உப்பளத்தில் எத்தனை டிகிரி என்றுதான் கேட்கிறோம். அது மட்டும் போதாது. பாத்தியில் உப்புநீர் ஆவியாவதும் உடம்பில் வியர்வை காய்வதும் ஒரே கணக்கு: வறண்ட காற்றில் வேகம், ஈரக்காற்றில் மந்தம். காற்று அசையாமல், கழுத்துத் துண்டு பிழிந்தால் சொட்டும்படி நனைந்தே கிடந்தால், 35 டிகிரியிலும் உடம்புச் சூடு இறங்காது. ஆனால் வெப்ப அலை அறிவிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளிக்குக் குறைந்தது 40 டிகிரி பார்க்கிறது. கடலோரத்துக்கு 37 போதும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

கடற்காற்று வந்துவிடுமே என்பார்கள். வரும், ஆனால் மேல்காற்று வலுக்கும் மே மாதத்தில் பிற்பகல்வரை தாமதிக்கும். அதை நம்பி உச்சிவரை உப்பு வாரக் கூடாது. விடியலில் தொடங்கி பத்து, பத்தரைக்குள் முடிப்பதே சரி. பழகிய உடம்பு என்ற பேச்சும் பாதிதான் உண்மை. மழைக்கால ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது, திரும்ப ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனவே முதல் வாரம் அரைநாள் வேலை போதும். தாகம் எடுக்கும்முன் உப்பிட்ட நீராகாரமோ மோரோ குடியுங்கள். தலைசுற்றி, பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108-ஐ அழையுங்கள்.