ஒருபக்கம் சாய்ந்த புயலும் அது பலப்படும் அடையாளங்களும்

கடலில் உண்டாகும் புயற்சின்னம் எப்பொழுதும் வட்டமாக அமைவதில்லை. மேல்மட்டக் காற்றும் கீழ்மட்டக் காற்றும் வேகத்திலோ திசையிலோ மிக வேறுபடின், மழைமேகங்கள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுச் சுழியின் மையம் வெளிப்பட்டு நிற்கும். இத்தகைய புயல் பெரும்பாலும் பலங்குன்றியதே. ஆயினும் அதனை அலட்சியம் செய்தல் தகாது.

பலப்படுதலுக்கு அடையாளங்கள் மூன்று. முதலாவது, இடிமேகங்கள் மையத்தின்மீதே மீண்டும் மீண்டும் எழுந்து அதனை மூடுதல். இரண்டாவது, மையத்தில் காற்றழுத்தம் தொடர்ந்து குறைதல். மூன்றாவது, மேகப்பட்டைகள் எல்லாப் பக்கங்களிலும் வளைந்து சூழ்தல். கடல்நீரின் உஷ்ணம் சுமார் 26.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலிருந்து, காற்றுக்களின் வேற்றுமையும் தணியுமாயின், இம்மாறுதல் விரைந்து நிகழக்கூடும்.

2017 நவம்பர் 29ஆம் தேதி தாழ்வு மண்டலமாயிருந்த ஒக்கி, மறுநாளே கன்னியாகுமரிக்கருகில் புயலாயிற்று. கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை.

மேற்கூறிய அடையாளங்கள் செயற்கைக்கோளுக்கும் ராடாருக்கும் புலப்படுமேயன்றிக் கரையில் நிற்போருக்குப் புலப்படா. மேகமற்ற பக்கத்தில் வானம் தெளிந்திருத்தல் அபாயம் நீங்கியமைக்கு அத்தாட்சியன்று. ஆகையால் சங்க அங்கத்தினர்கள் வானிலை இலாகாவின் அறிவிப்பை ஒருமுறை கேட்டதோடு நில்லாது, காலையும் மாலையும் புதிதாக விசாரித்தறிதல் வேண்டும். படகுகளைக் கரையேற்றுதலும், விதைநெல்லையும் சங்கத்துக் கணக்குப் புத்தகங்களையும் மேட்டிடம் சேர்த்தலும் புயல் சாய்ந்திருக்கும்போதே முடிக்கத்தக்க காரியங்களாம்.