தங்கையோடு திறந்தவெளிக் கச்சேரி

கேள்வி: கோடை விடுமுறையில் சென்னையில் நடக்கும் இசைக்குழு நிகழ்ச்சிக்குத் தங்கை கூப்பிடுகிறாள். கைபேசியிலேயே தெளிவாகக் கேட்கலாமே, வெயிலிலும் நெரிசலிலும் எதற்குப் போகவேண்டும்?
— வாசகி, சீர்காழி

பதில்: தெளிவுதான் நோக்கம் என்றால் கைபேசியே போதும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். காற்றும் கொஞ்சம் அள்ளிப்போகும். ஆனால் உங்கள் பக்கத்துச் சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி கேட்க நிற்பவர்கள் ஒலித்தெளிவுக்காகவா நிற்கிறார்கள்? நாகஸ்வரம் வீதிக்கென்றே ஓங்கி ஒலிக்கும் வாத்தியம். ஊரோடு சேர்ந்து கேட்பதே அங்கே சுகம். அந்தச் சுகம் உடன்பிறந்தவளோடு இன்னும் கூடும். ஒரே வீட்டில் ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, முதல் இரண்டு சுரத்திலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தோன்றும்.

நெரிசல் பயம் நியாயமானது. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளேயே போக முடியவில்லை. அது ஏற்பாட்டின் குறை. திறந்தவெளிக் கச்சேரியின் குறை அல்ல. ஆகவே போவதா என்பதைவிட எப்படிப் போவது என்று யோசியுங்கள். சீக்கிரம் போய் வெளியேறும் வழியைப் பார்த்து வையுங்கள். கூட்டத்தில் கைபேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம். பிரிந்தால் சந்திக்க ஓர் இடம் பேசிவையுங்கள். ஒலிபெருக்கியை ஒட்டி நிற்காதீர்கள். தண்ணீர் மறவாதீர்கள். இரவே ஊர் திரும்பும் அவசரத்தை விட்டுவிட்டு, தங்க இடம் பார்த்துக்கொண்டு போய்வாருங்கள்.