மிஸ்ரு தேசத்தின் பெயர்களும் ஒரு வியாபாரப் பத்திரமும்

நம் கடைகளுக்கு வரும் ஆரஞ்சுப் பெட்டியின் மேல் "ஈஜிப்ட்" என்று அச்சிட்டிருக்கிறது. மலாய்க்காரர் "மெசிர்" என்கிறார். மதரஸாவில் ஓதிய நாம் "மிஸ்ரு" என்கிறோம். தேசம் ஒன்றே; பெயர் பலவானது எப்படி?

பூர்வ காலத்தில் அந்நாட்டு மெம்பிஸ் நகரில் ப்தா என்னும் தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. அக்கோயிலின் பெயரே கிரேக்கர் வாயில் "அய்குப்தொஸ்" என்று திரிந்து, நாடு முழுமைக்கும் ஆயிற்று. கி.மு. 30-ல் ரோமாபுரியார் அந்நாட்டைத் தம் மாகாணமாக்கி, லத்தீனில் "அய்கிப்துஸ்" என்று எழுதினர். அதுவே ஈஜிப்ட். அரபியில் "கிப்தி" என்பதும் அதே சொல்லின் கிளைதான். மிஸ்ரு என்பதோ செமித்திய மொழிகளின் பழம்பெயர். குர்ஆன் ஷரீபில் யூசுப் நபி (அலை) வரலாற்றில் வருவது. மலாய் மெசிரும் அதுவே.

அந்த ரோம மாகாணத்தோடு நம் முன்னோர் வியாபாரம் செய்தனர். செங்கடல் துறையாகிய பெரனிகேயில் 7 கிலோவுக்கு மேற்பட்ட மிளகு, இந்தியச் சாடியோடு அகழ்ந்தெடுக்கப்பட்டது. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அக்கரையில் கிடைத்துள்ளன.

இவற்றினும் அரியது ஒரு பழைய கடன் பத்திரம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, இப்போது வியன்னா நகரில் இருக்கிறது. சேர நாட்டு முசிறிக்குச் செல்லும் வியாபாரத்துக்காக வாங்கிய கடன் அது. திரும்பி வந்த சரக்கை ஒட்டகத்தில் கொப்தோஸுக்கும், அங்கிருந்து நைல் நதி வழியாக அலெக்சாந்திரியாவுக்கும் கொண்டு சேர்க்கவேண்டும். முத்திரையிட்டுக் கிடங்கில் வைக்கவேண்டும். நாலில் ஒரு பங்கு சுங்கம். தவணை தவறினால் ஈட்டுச் சரக்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன் என்றும் அதில் கண்டிருக்கிறது.

சகோதரர்களே! ராஜ்ஜியம் போயிற்று, கப்பலும் போயிற்று, எழுத்து நிற்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 வசனமே குர்ஆனில் மிக நீண்டது. நம்மிலோ, "மாமன் மச்சானுக்குள் பத்திரம் எதற்கு?" என்று வாய்ச்சொல்லில் கடைப்பங்கு வைப்பவர் இன்றும் உண்டு. பங்காளி மௌத்தானால் ஊரிலிருக்கும் அவர் மனைவி மக்கள் எதைக் காட்டிக் கேட்பார்கள்? கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்திருப்போர் இன்றே இரு சாட்சி வைத்து எழுதிக்கொள்ளட்டும். எழுதுவது சந்தேகத்தால் அல்ல, அமானிதத்தைக் காப்பதற்கே.