அடித்தலில் பிறந்த ஓவியம்

மூன்றாம் பாடவேளையில் வந்த எரிச்சல், நான்காம் பாடவேளையில் ஏதுமறியாத ஒரு மாணவர் மீது இறங்கிவிடுவதுண்டு. இடையில் சிறிது நேரம் தனியே கைவேலை செய்தால் அதைத் தடுக்கலாம்.

சாந்திநிகேதனில் 1901இல் பள்ளி தொடங்கிய தாகூர், தம் கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து உருவங்களாக்கினார். அப்பழக்கம் ஓவியமாக வளர்ந்து, 1930இல் பாரிசில் கண்காட்சியானது.

நாமும் செய்யலாம். ஓய்வுப் பாடவேளையில் பத்து நிமிடம் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, பழைய தாளில் ஒரு கிறுக்கலை உருவமாக்குங்கள்; அல்லது சிறு சிக்குக்கோலம் போடுங்கள். கண்ணும் கையும் ஒரே கோட்டைத் தொடரும்போது மனமும் அதில் நிற்கும். ஓய்வுப் பாடவேளை மாற்றுப் பணியில் போய்விட்டால், உணவு இடைவேளையில் ஐந்து நிமிடம் போதும். அழகு பார்க்க வேண்டாம். இதற்கு மதிப்பெண் கிடையாது.